மைனஸ் 40 டிகிரியில் லாரி எப்படி ஸ்டார்ட் ஆகுது? 'இன்ஜின் பிளாக் ஹீட்டர்' பற்றிய முழு விளக்கம்

ஜனவரி மாதத்தில் கனடாவின் வின்னிபெக், சஸ்கட்டூன், எட்மன்டன் போன்ற நகரங்களுக்குப் போகிறவர்களுக்கு ஒரு காட்சி புதிதாக இருக்கும். நிறுத்தி வைத்திருக்கும் லாரி, பிக்அப், கார் என பல வண்டிகளின் முன்பக்கத்திலிருந்தும் ஒரு ஒயர் தொங்கும். அதன் நுனியில், வீட்டில் அயர்ன் பாக்ஸுக்கு இருப்பது போலவே மூன்று பின் பிளக். பார்க்கிங்கில் வரிசையாக நட்டு வைத்திருக்கும் கம்பங்களில் அதைச் சொருகியிருப்பார்கள்.

'அட, இங்கே எல்லாமே எலெக்ட்ரிக் வண்டியா?' என்று தோன்றும். இல்லை. அத்தனையும் டீசல், பெட்ரோல் வண்டிகள்தான். அந்த ஒயர் பேட்டரியை சார்ஜ் செய்வதற்கு இல்லை. இன்ஜினைச் சூடாக வைத்திருப்பதற்கு. அதன் பெயர்தான் 'இன்ஜின் பிளாக் ஹீட்டர்'.

ராத்திரி அந்த பிளக்கைச் சொருக மறந்தால், காலையில் 40 டன் சரக்கு லாரி அசையாது. ஊருக்குள் என்றால் ஒரு நாள் வாடகை போகும். அடுத்த ஊர் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சாலை என்றால், டிரைவரின் உயிருக்கே ஆபத்து. சாதாரண ஒயர் மாதிரி தெரியும் இந்தப் பொருள் என்ன செய்கிறது, எத்தனை மணி நேரம் போட வேண்டும், எங்கே தப்பு நடக்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

குளிரில் டீசல் இன்ஜினுக்கு என்னதான் ஆகுது?

பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் உண்டு. தீப்பொறி வைத்து எரிபொருளைப் பற்ற வைக்கும். டீசல் இன்ஜினில் அது கிடையாது. சிலிண்டருக்குள் வரும் காற்றை பிஸ்டன் 15 முதல் 20 மடங்கு வரை அழுத்தும். அழுத்த அழுத்த காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமே, அதே கதைதான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் இந்தச் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அப்போது டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும்.

ஆக, டீசல் இன்ஜினுக்குச் சூடுதான் தீப்பெட்டி. அந்தச் சூடு கிடைக்காவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

ராத்திரி முழுக்க மைனஸ் 30 டிகிரியில் நிற்கும் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இன்ஜின் ஒரு டன்னுக்கும் மேல் எடை வரக்கூடிய இரும்புக் கட்டி. அந்த இரும்பு முழுவதும் மைனஸ் 30-க்குப் போயிருக்கும். காலையில் சாவியைத் திருப்பினால் ஒரே நேரத்தில் நான்கு சிக்கல்கள் வரிசை கட்டி நிற்கும்.

முதல் சிக்கல், காற்று. உள்ளே வரும் காற்றே மைனஸ் 30. அழுத்தும்போது உண்டாகும் கொஞ்ச நஞ்ச சூட்டையும் சில்லென்ற சிலிண்டர் சுவர் உறிஞ்சிவிடும். டீசல் பற்றாது, அல்லது அரைகுறையாகப் பற்றி, சைலன்ஸரில் வெள்ளைப் புகையாக வெளியே வரும்.

இரண்டாவது, ஆயில். குளிரில் இன்ஜின் ஆயில் கெட்டியாகும். பெரிய லாரிகளில் வழக்கமாக ஊற்றும் 15டபிள்யூ-40 ரக ஆயில் மைனஸ் 20, மைனஸ் 25 டிகிரி வரைக்கும்தான் தாக்குப்பிடிக்கும்படி வகைப்படுத்தப்பட்டது. அதற்குக் கீழே போனால் தேன் மாதிரி, பிறகு கிரீஸ் மாதிரி ஆகிவிடும். இன்ஜினைச் சுற்றவே பெரும் பலம் வேண்டும். அப்படியே சுற்றினாலும், மேலே இருக்கும் பாகங்களுக்கு ஆயில் போய்ச் சேர நேரமாகும். அதுவரை இரும்பும் இரும்பும் உரசும்.

மூன்றாவது, பேட்டரி. பேட்டரிக்குள் நடப்பது வேதிவினை. குளிரில் அது மந்தமாகும். மைனஸ் 18 டிகிரியில் ஒரு லெட் ஆசிட் பேட்டரி தன் பலத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் கொடுக்கும். அதே நேரத்தில் கெட்டியான ஆயிலோடு இன்ஜினைச் சுற்ற வழக்கத்தைவிட அதிக பலம் தேவை. வரவு பாதி, செலவு இரட்டிப்பு. அதனால்தான் பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் 'கோல்ட் கிராங்கிங் ஆம்ப்ஸ்' என்ற அளவையே மைனஸ் 18 டிகிரியில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள்.

நான்காவது, டீசல். டீசலில் இயற்கையாகவே மெழுகுத்தன்மை உண்டு. மார்கழி காலையில் பாட்டிலில் இருக்கும் தேங்காய் எண்ணெய் உறைந்து வெள்ளையாகிறதே, அதுபோல டீசலும் கடும் குளிரில் கலங்கி, மெழுகு துகள்களாகப் பிரியும். அது ஃபில்டரை அடைத்துவிட்டால் இன்ஜினுக்கு எரிபொருளே போகாது.

இந்த நான்கில் முதல் மூன்றின் பாரத்தையும் பிளாக் ஹீட்டர் குறைத்துவிடும். நான்காவதை அதால் தீர்க்க முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் டிரைவர்கள் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

பிளாக் ஹீட்டர் என்றால் என்ன?

வாளித் தண்ணீரில் போட்டு வெந்நீர் வைக்கும் ஹீட்டர் ராடு பெரும்பாலான வீடுகளில் இருக்கும். பிளாக் ஹீட்டரும் கிட்டத்தட்ட அதேதான். வாளிக்குப் பதில் இன்ஜின். தண்ணீருக்குப் பதில் கூலன்ட்.

இன்ஜினின் முக்கிய இரும்பு உடலுக்கு 'பிளாக்' என்று பெயர். அதற்குள் சிலிண்டர்களைச் சுற்றி கூலன்ட் ஓடுவதற்கு வழிகள் இருக்கும். வார்ப்பு வேலைக்காக பிளாக்கின் பக்கவாட்டில் வட்டத் துளைகள் விட்டிருப்பார்கள். அவற்றைச் சின்ன உலோக மூடிகளால் அடைத்திருப்பார்கள். அதில் ஒரு மூடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஹீட்டர் ராடைப் பொருத்துவதுதான் பொதுவான முறை. ராடின் முனை கூலன்டுக்குள் மூழ்கியிருக்கும். ஒயர் மட்டும் வெளியே வந்து, முன் பம்பர் பக்கம் தொங்கும்.

பிளக்கைச் சொருகினால் ராடு சூடாகும். கூலன்ட் சூடாகும். சூடான கூலன்ட் மேலே எழும்ப, குளிர்ந்தது கீழே இறங்கும். பம்ப் இல்லாமலே மெதுவாகச் சுழன்று, சிலிண்டர் சுவர்களும் சுற்றியுள்ள இரும்பும் சூடாகும்.

காருக்கு 400 முதல் 600 வாட் போதும். டீசல் பிக்அப்களுக்கு 750 முதல் 1,000 வாட். பெரிய லாரிகளுக்கு 1,000 முதல் 1,500 வாட். கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். அதனால் 1,500 வாட் ஹீட்டர் ஒன்று 12.5 ஆம்பியர் இழுக்கும். அங்கே சாதாரண பிளக் பாயின்ட்டின் உச்சவரம்பே 15 ஆம்பியர்தான். ஒரே லைனில் இரண்டு லாரிகளைச் சொருகினால் பிரேக்கர் ட்ரிப் ஆகிவிடும். காலையில் இரண்டு வண்டியுமே ஸ்டார்ட் ஆகாது!

இதைக் கண்டுபிடித்தது யார்?

ஹீட்டர் வருவதற்கு முன்னால் வடதுருவப் பகுதிகளில் விமானம் ஓட்டியவர்கள் ஒரு வேலை செய்வார்கள். ராத்திரி இறங்கியதும் இன்ஜினிலிருந்து ஆயிலை வடித்து, டின்னில் பிடித்து, குடிசைக்குள் அடுப்புப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். காலையில் சூடான ஆயிலைத் திரும்ப ஊற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்வார்கள். இன்ஜினைக் கேன்வாஸ் துணியால் மூடி, அடியில் நெருப்பு வைத்துச் சூடாக்கியதும் உண்டு. அதில் தீப்பிடித்து எரிந்துபோனவையும் உண்டு.

மின்சாரத்தால் இன்ஜினைச் சூடாக்கும் யோசனையைப் பரவலாக்கியவர் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலம் கிராண்ட் ஃபோர்க்ஸைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன். கிராமங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் கூட்டுறவு அமைப்பில் வேலை செய்தவர். பழைய அயர்ன் பாக்ஸின் ஹீட்டிங் காயிலையும் செப்புக் குழாயையும் வைத்து முதல் மாதிரியைச் செய்தார் என்று சொல்லப்படுகிறது. இன்ஜினின் மேல்பகுதியை இறுக்கும் போல்ட் ஒன்றை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஹீட்டர் உள்ள போல்டை மாட்டுவது அவருடைய முறை. 1949-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

எத்தனை வகை இருக்கு?

கூலன்டில் மூழ்கும் ராடு வகை: மேலே சொன்னது. லாரிகளில் அதிகம் இருப்பது இதுதான். புது வண்டி வாங்கும்போதே கம்பெனியில் பொருத்தித் தரச் சொல்லலாம்.

ஹோஸ் வகை: கூலன்ட் ஓடும் ரப்பர் குழாயை இடையில் வெட்டி, அங்கே ஹீட்டரை இணைப்பது. சிலவற்றில் சின்ன பம்பும் சேர்ந்தே இருக்கும். இன்ஜின் முழுவதும் சீராகச் சூடாகும்.

ஆயில் பேன் வகை: இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியின் வெளிப்புறத்தில் ஒட்டும் சிலிக்கான் பட்டை. கூலன்டைச் சூடாக்கும் ஹீட்டர் கீழே இருக்கும் ஆயிலைப் பெரிதாகச் சூடாக்காது. அதனால் கடும் குளிர்ப் பகுதிகளில் இரண்டையும் சேர்த்தே போடுகிறார்கள். பேட்டரிக்குத் தனியாகப் போர்வை மாதிரி ஹீட்டரும் கிடைக்கிறது.

டீசலில் எரியும் ஹீட்டர்: இதற்கு பிளக் பாயின்ட்டே வேண்டாம். லாரியின் டேங்கிலிருந்து சொட்டுச் சொட்டாக டீசலை எடுத்து, தனி அறையில் எரித்து, அந்தச் சூட்டைக் கூலன்டுக்குக் கொடுக்கும். வெபாஸ்டோ, எபர்ஸ்பேஷர் போன்ற ஜெர்மன் நிறுவனங்கள் இதில் பிரபலம். மணிக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் குடிக்கும். நீண்ட தூரம் ஓடும் லாரிகளுக்கு இதுதான் கை கொடுக்கும்.

எத்தனை மணி நேரம் போடணும்?

'ராத்திரி படுக்கும்போது சொருகிட்டு, காலையில் எடுத்துட்டா போச்சு' என்பதுதான் பலரின் வழக்கம். ஆனால் அது தேவையில்லை.

காரணம் எளிது. ஹீட்டர் ஒரு பக்கம் சூட்டைக் கொடுக்கிறது. சூடான இரும்பு மறுபக்கம் வெளிக்காற்றுக்குச் சூட்டை இழக்கிறது. ஒரு கட்டத்தில் கொடுப்பதும் இழப்பதும் சமமாகிவிடும். அதற்குமேல் எத்தனை மணி நேரம் போட்டாலும் இன்ஜின் கூடுதலாகச் சூடாகாது. மீட்டர் மட்டும் ஓடும்.

காருக்கு 2 மணி நேரம், பெரிய லாரிக்கு 3 முதல் 4 மணி நேரம் போதும் என்பதே பொதுவான கணக்கு. காலை 6 மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றால் அதிகாலை 2 மணிக்கு ஆன் ஆனால் போதும். அதற்காக யாரும் எழுந்து போக வேண்டியதில்லை. வெளியில் வைக்கும் டைமர் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,500 வாட் ஹீட்டரை 12 மணி நேரம் போட்டால் 18 யூனிட். 4 மணி நேரம் போட்டால் 6 யூனிட். ஒரு வண்டிக்கு ஒரு ராத்திரிக்கு 12 யூனிட் மிச்சம். 20 லாரி வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஒரு ராத்திரிக்கு 240 யூனிட். குளிர்காலமோ நான்கைந்து மாதம்!

எந்த அளவு குளிரில் போட வேண்டும் என்பது இன்ஜினைப் பொறுத்தது. பொதுவாக மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே போனால் போடுவது நல்லது. ஆயில் பழசு, பேட்டரி பழசு என்றால் அதற்கு முன்பே தேவைப்படும். வண்டியோடு வரும் கையேட்டில் எழுதியிருப்பதுதான் இறுதி.

ராத்திரி முழுக்க இன்ஜினை ஓடவிட்டா என்ன?

இதுவும் நடக்கிற விஷயம்தான். 'ஆஃப் பண்ணினாதானே ஸ்டார்ட் ஆகாது? ஆஃப் பண்ணவே வேண்டாம்' என்று இன்ஜினை அப்படியே விட்டுவிட்டு டிரைவர் பின்னால் படுத்துவிடுவார். ரஷ்யாவின் யாகுட்ஸ்க் பகுதியில் கடும் குளிர் நாட்களில் வண்டிகளை மணிக்கணக்கில் அணைக்காமலே விடுவது வாடிக்கை.

ஆனால் இதற்கு விலை உண்டு. பெரிய லாரி இன்ஜின் சும்மா நின்றபடி ஓடினால் மணிக்குச் சுமார் 3 லிட்டர் டீசல் குடிக்கும். பத்து மணி நேரத்துக்கு 30 லிட்டர். ஒரு கிலோமீட்டர்கூட நகராமல்!

இன்ஜினுக்கும் நல்லதில்லை. லோடு இல்லாமல் மெதுவாக ஓடும்போது உள்ளே போதிய சூடு வராது. டீசல் முழுசாக எரியாமல் கரி படியும். கொஞ்சம் ஆயிலோடும் கலக்கும். புதுசு லாரிகளில் புகையை வடிகட்டும் ஃபில்டர் சீக்கிரம் அடைபடும்.

ஆளுக்கும் ஆபத்து. சைலன்ஸர் பைப்பில் ஓட்டை இருந்தாலோ, பனி மூடியிருந்தாலோ கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் வரலாம். நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. அதனால் படுக்கை உள்ள கேபினில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருப்பது கட்டாயம் மாதிரி.

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் இன்னொரு பிரச்னை. குளிர்காலத்தில் சில்லென்ற காற்று பள்ளத்தாக்கின் தரையோடு தங்கிவிடும்; மேலே இருக்கும் சற்று சூடான காற்று மூடி போட்டது போல அதை அமுக்கிவிடும். புகை வெளியேற வழியில்லை. சூடில்லாத இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது கக்கும் புகை ஊருக்குள்ளேயே சுற்றும். அதனால் பார்க்கிங்குகளில் பிளக் பாயின்ட் வைப்பது அங்கே காற்று மாசைக் குறைக்கும் வேலையாகவும் பார்க்கப்படுகிறது.

பிளக் பாயின்ட்டே இல்லாத சாலைகள்

ஊருக்குள் சரி. சாலையில்?

அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலை 666 கிலோமீட்டர் நீளம். வடக்கே உள்ள எண்ணெய் வயல்களுக்குச் சரக்கு போகும் பாதை. வழியில் கோல்ட்ஃபுட் என்ற சின்ன இடத்தில் டீசல் போடலாம், சாப்பிடலாம். அதை விட்டால் டெட்ஹார்ஸ் வரை சுமார் 386 கிலோமீட்டருக்கு பங்க் இல்லை, கடை இல்லை, மெக்கானிக் இல்லை. அமெரிக்காவிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை பதிவானது இந்தச் சாலையோரத்தில் உள்ள ப்ராஸ்பெக்ட் க்ரீக்கில்தான். 1971 ஜனவரி 23 அன்று மைனஸ் 62 டிகிரி செல்சியஸ்.

கனடாவின் யெல்லோநைஃப் பக்கம் நிலைமை இன்னும் விசித்திரம். அங்கிருந்து வைரச் சுரங்கங்களுக்குச் செல்லும் டிபிட்–கான்ட்வோய்ட்டோ குளிர்காலச் சாலையில் பெரும்பகுதி உறைந்த ஏரிகளின் மேலேயே போகிறது. 1982 முதல் ஒவ்வொரு ஆண்டும் புதிதாக அமைக்கிறார்கள். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ திறந்தால், சுமார் இரண்டு மாதம்தான் ஆயுள். அதற்குள் சுரங்கங்களுக்கு ஒரு வருஷத்துக்குத் தேவையான டீசல், சிமென்ட், வெடிமருந்து, இயந்திரம் எல்லாம் போய்ச் சேர வேண்டும். பனிக்கட்டி உடையாமல் இருக்க, லோடு ஏற்றிய லாரி ஏரியின் மேல் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது.

இப்படிப்பட்ட இடத்தில் இன்ஜின் நின்றால், கேபினுக்குள் சூடும் நின்றுவிடும். மைனஸ் 40-ல் லாரி கேபின் குளிர்ந்துபோக அதிக நேரம் ஆகாது. அதனால்தான் இந்தச் சாலைகளில் ஓட்டுபவர்கள் டீசலில் எரியும் ஹீட்டர், ஸ்லீப்பிங் பேக், கூடுதல் உடுப்பு, உணவு, சாட்டிலைட் போன் இல்லாமல் கிளம்புவதில்லை. வழியில் இன்ஜினை அணைக்காமல் இருப்பதும் இங்கே வீண் செலவு கிடையாது, அது உயிர்க்காப்பு. கிளம்பும் இடத்தில் பிளாக் ஹீட்டர், சாலையில் டீசல் ஹீட்டர் என்று இரண்டும் சேர்ந்ததுதான் வடக்கு ஓட்டத்தின் ஏற்பாடு.

ஹீட்டர் போட்டும் லாரி நின்னு போச்சே, ஏன்?

முன்னால் சொன்ன நான்காவது சிக்கல் இதுதான். பிளாக் ஹீட்டர் இன்ஜினைத்தான் சூடாக்கும். டீசல் டேங்கையோ ஃபில்டரையோ அல்ல. தெற்கே, குளிர் குறைந்த ஊரில் டேங்கை நிரப்பிக்கொண்டு வடக்கே வரும் லாரிகள் இதில்தான் மாட்டும். காலையில் அழகாக ஸ்டார்ட் ஆகும். ஃபில்டரில் மெழுகு அடைத்ததும் பத்து நிமிஷத்தில் நின்றுவிடும்.

இதற்குத் தீர்வு குளிர்கால டீசல். கனடாவில் சீசனுக்கும் பகுதிக்கும் தகுந்தபடி டீசலின் கலவையை மாற்றி விற்கிறார்கள். இந்தியாவிலும் இந்தச் சிக்கல் உண்டு. லடாக்கில் டீசல் உறையாமல் இருக்க வண்டிக்காரர்கள் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டிவந்தார்கள். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் அங்கே அறிமுகப்படுத்தியது.

பிரேக்கும் தனிக் கதை. லாரிகளில் இருப்பது காற்று பிரேக். அந்தக் குழாய்களில் ஈரம் இருந்தால் உறைந்து பிரேக் பிடித்துக்கொள்ளும். ஏர் டேங்கைத் தினமும் வடிய விடுவதும், ஈரம் உறிஞ்சும் ஏர் டிரையரைச் சரியாக வைத்திருப்பதும்தான் அதற்கு வழி.

ஆட்ப்ளூ எனப்படும் யூரியா திரவமும் மைனஸ் 11 டிகிரியில் உறையும். ஆனால் அதற்காகப் பயப்பட வேண்டாம். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் வண்டியே அதை உருக்கிக்கொள்ளும்.

ஷாக், தீ: கவனிக்க வேண்டியவை என்ன?

பனி, உப்பு, ஈரம், அதிர்வு. இத்தனைக்கும் நடுவில் 12 ஆம்பியர் மின்சாரம். தப்பு நடந்தால் வண்டியே எரியும். எனவே:

வெளியில் பயன்படுத்தும், மூன்று பின் உள்ள தடித்த எக்ஸ்டென்ஷன் ஒயர் மட்டுமே போட வேண்டும். வீட்டுக்குள் லைட்டுக்குப் போடும் மெல்லிய ஒயர் சூடாகி உருகும். வட அமெரிக்காவில் ஒயர் தடிமனை 'கேஜ்' எண்ணில் சொல்வார்கள். எண் குறையக் குறைய ஒயர் தடிமன் அதிகம். 1,500 வாட் ஹீட்டருக்கு 12 கேஜ் பாதுகாப்பானது.

ஒயரைச் சுருட்டி வைத்தபடி பயன்படுத்தக் கூடாது. சுருளுக்குள் சூடு தங்கும்.

எர்த் பின்னை உடைத்துவிட்டுச் சொருகுவது கூடவே கூடாது. ஹீட்டரில் கசிவு வந்தால் லாரியின் மொத்த உடம்பிலும் ஷாக் அடிக்கும்.

சாலையில் தூவும் உப்பு பிளக்கின் பின்களை அரித்துவிடும். பின்கள் கறுத்தோ பச்சை பூத்தோ, பிளாஸ்டிக் உருகியோ இருந்தால் உடனே மாற்ற வேண்டும். பயன்படுத்தாத நேரத்தில் மூடி போட்டு வைப்பது நல்லது.

கூலன்ட் அளவு குறைந்து ராடு வெளியே தெரிந்தால், ஹீட்டர் ராடை வெறும் வாளியில் போட்ட கதைதான். கருகிவிடும். கூலன்ட் மாற்றியபின் உள்ளே காற்று தங்காமல் வெளியேற்றியாக வேண்டும். இன்ஜினை ஒருமுறை நன்றாக ஓடவிட்ட பிறகே பிளக்கைச் சொருக வேண்டும்.

கூலன்டின் கலவையும் முக்கியம். தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. மைனஸ் 40 பார்க்கும் ஊர்களில் கிளைக்காலை 60 சதவீதமாக ஏற்றுவார்கள்.

இன்ஜின் முரண்டு பிடித்தால் ஈதர் ஸ்ப்ரே அடிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. குளோ பிளக் அல்லது காற்றைச் சூடாக்கும் கிரிட் உள்ள இன்ஜினில் அடித்தால் அது வெடிக்கலாம். அடியில் நெருப்பு மூட்டுவதும் அப்படித்தான்.

கடைசியாக, பிளக்கைக் கழற்றாமல் வண்டியை எடுப்பது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஒவ்வொரு குளிர்காலமும் இது நடக்கும். ஸ்டியரிங்கில் ஒரு துணியைக் கட்டி வைப்பது, ஒயரை டிரைவர் கதவு வழியாகத் தெரியும்படி கொண்டுபோவது என்று ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள்.

ஹீட்டர் வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

குளிர் வருவதற்கு முன்பே, அக்டோபரிலேயே சோதிப்பது புத்திசாலித்தனம். மைனஸ் 35-ல் கண்டுபிடித்துப் பயனில்லை.

சொருகியதும் இன்ஜின் பக்கம் மெல்லிய 'உஸ்ஸ்' சத்தம் கேட்கும். கெட்டிலில் தண்ணீர் சூடாக ஆரம்பிக்கும்போது வருமே, அந்தச் சத்தம். ஒரு மணி நேரம் கழித்து பிளாக்கைத் தொட்டால் வித்தியாசம் தெரியும்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் உறுதி. பிளக்கை மின்சாரத்திலிருந்து கழற்றிவிட்டு, இரண்டு தட்டைப் பின்களுக்கு இடையே ஓம் பார்க்க வேண்டும். 120 வோல்ட், 1,000 வாட் ஹீட்டர் என்றால் சுமார் 14 ஓம் காட்டும். 1,500 வாட் என்றால் 10 ஓம் பக்கம். எதுவுமே காட்டவில்லை என்றால் ராடோ ஒயரோ அறுந்திருக்கிறது. தட்டைப் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே ஏதாவது காட்டினால் கசிவு இருக்கிறது. அதைச் சொருகவே கூடாது.

இன்னொரு விஷயம். சில பொதுப் பார்க்கிங்குகளில் மின்சாரத்தை விட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள். அரை மணி நேரம் வரும், கொஞ்ச நேரம் நிற்கும். அதைப் பார்த்து ஹீட்டர் பழுது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

'வெளியே மைனஸ் 25 தான், ஆனா காத்தோட சேர்ந்து மைனஸ் 40 மாதிரி இருக்குன்னு சொல்றாங்களே. இன்ஜினும் மைனஸ் 40-க்குப் போகுமா?'

போகாது. 'விண்ட் சில்' என்பது மனித தோல் உணரும் குளிர். காற்று அடித்தால் இன்ஜின் வேகமாகக் குளிரும்; ஆனால் மைனஸ் 25-க்குக் கீழே இறங்காது. அதனால் இன்ஜின் பக்கம் காற்று நேராக அடிக்காதபடி நிறுத்தினால் ஹீட்டரின் சூடு வீணாகாது. ரேடியேட்டர் கிரில்லுக்கு முன்னால் கட்டும் துணி மறைப்பும் அதற்குத்தான்.

'நல்ல சிந்தெடிக் ஆயில் ஊத்தினா ஹீட்டர் தேவையில்லையா?'

உதவும், ஆனால் மாற்று இல்லை. 0டபிள்யூ, 5டபிள்யூ ரக ஆயில்கள் மைனஸ் 30-லும் ஓடும். இன்ஜின் சுலபமாகச் சுற்றும். ஆனால் சிலிண்டருக்குள் சூட்டை ஆயில் தராது.

'ஹீட்டர் போட்டா பேட்டரி சார்ஜ் ஆகுமா?'

ஆகாது. இரண்டும் வேறு வேறு. இறங்கிப்போன பேட்டரி கடும் குளிரில் உறைந்து வெடிப்பு விடும். உறைந்த பேட்டரிக்கு வேறு வண்டியிலிருந்து கரன்ட் கொடுப்பது ஆபத்து.

'சூடான இன்ஜின்தானே, ஸ்டார்ட் ஆனதும் கிளம்பிடலாமா?'

கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஆயில் பிரஷர் ஏறட்டும், ஏர் டேங்க் நிறையட்டும். இன்ஜின்தான் சூடு, கியர் பாக்ஸ், ஆக்சில், டயர் எல்லாம் இன்னும் மைனஸ் 30-ல்தான் இருக்கிறது. முதல் சில கிலோமீட்டர் மெதுவாகப் போவதே நல்லது.

கனடாவின் லாரித் தொழிலில் இந்திய வம்சாவளியினர், குறிப்பாக பஞ்சாபியர், பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். சூடான ஊரிலிருந்து போய் முதல் குளிர்காலத்தைச் சந்திக்கும் எந்த டிரைவருக்கும் லைசென்ஸ் தேர்வைப் போலவே இதுவும் ஒரு பாடம். சுருக்கம் இதுதான்: அக்டோபரில் ஹீட்டரைச் சோதி, ராத்திரி டைமரை வை, குளிர்கால டீசல் போடு, காலையில் பிளக்கைக் கழற்றிவிட்டு ஏறு. நான்கில் ஒன்றை விட்டாலும் மைனஸ் 40 சும்மா விடாது.